ரெண்டு குச்சியும் நாலு விரக்கடையும்

செட்டிகுளம்
20.1.2025

அன்புள்ள தங்கச்சி ஜெயசுதாவுக்கு, அக்கா கொளஞ்சியம்மாள் எழுதிக்கொள்வது.

முதலில் வெட்கத்தை விட்டு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். போன வெள்ளிக்கிழமை ஜிப் கவரின் வாயைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டு, ரெண்டு கையாலும் முறத்தைச் சாய்த்துக் குழம்பு மிளகாய்த்தூளைக் கொட்டினேன். கவருக்குள் பாதி போனது, எனக்குள் பாதி போனது. தும்மல் வந்தது. தும்ம வாயைத் திறந்தால் கவர் விழும், திறக்காவிட்டால் உயிர் போகும். கவரை விட்டேன். கண்ணும் மூக்கும் ஒழுகக் கொல்லைப் பக்கம் ஓடினேன். எதிரே வந்த என் வீட்டுக்காரர், உன் பெரிய மாமா, "யாரு செத்தா?" என்று கேட்டார். பேச முடியாமல் கையை மட்டும் ஆட்டினேன். மனுஷன் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு வந்து, "எந்த ஊருக்குப் போவணும், அதச் சொல்லு முதல்ல" என்கிறார்.

நாலு மாதமாக நீ என் போனை எடுப்பதில்லை. எடுக்க வேண்டாம். போனைக் கவிழ்த்து வைக்கலாம், தபால்காரரைக் கவிழ்த்து வைக்க முடியாதே, அதனால்தான் இந்தக் கடுதாசி. நான் அஞ்சாங்கிளாஸ், நீ பத்தாவது. பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள், மார்க்கு மட்டும் போடாதே.

விஷயம் இதுதான். கொழுந்தனாருக்கு அரியலூரில் வேலை கிடைத்து நீங்கள் குடிபோனதிலிருந்து நான் ஒற்றையாள். வறுக்க முடிகிறது, அரைக்க முடிகிறது, கவரில் அடைக்கத்தான் முடியவில்லை. இந்தக் கவர் தானாக நிற்காது, பிடித்தால்தான் வாயைத் திறக்கும். நம் மகளிர் குழுத் தலைவி அம்பிகா, பங்குனி உத்திரத்துக்குக் கால் கிலோ கவர் இருநூறு தருவதாக ஒத்துக்கொண்டு வந்துவிட்டாள். நம்மால் ஆகவில்லை என்றால் இந்த வேலையே வேறு குழுவுக்குப் போய்விடும். அப்புறம் நான் மறுபடியும் வெங்காயக் காட்டில் தாள் அறுக்கத்தான் போக வேண்டும். என் முழங்கால் லட்சணம் உனக்குத் தெரியும். உட்கார்ந்தால் எழுப்பிவிட ரெண்டு பேர் வேண்டும்.

அன்றைக்கு வாய்விட்டுச் சொன்ன ரெண்டு குச்சியும் நட்டுப் பார்த்துவிட்டேன். பாதித் தூள் விழுந்ததும் கவர் குனிந்து கும்பிடு போடுகிறது. நீ எப்படிப் பிடிப்பாய், எவ்வளவு அகலம், அதை மட்டும் எழுது. ஒன்பது வருஷம் உன் கைக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன், ஒரு நாள்கூட உற்றுப் பார்க்கவில்லை.

அன்புடன்,
உன் ஓரகத்தி,
கொளஞ்சியம்மாள்


அரியலூர்
29.1.2025

அக்காவுக்கு ஜெயசுதா எழுதுவது.

கடிதம் கிடைத்தது. போனை ஏன் எடுப்பதில்லை என்றால், எடுத்தால் நீங்கள் ஏதாவது சொல்வீர்கள், எனக்குச் சிரிப்பு வந்துவிடும். சிரித்துவிட்டால் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? கடிதம் என்றால் தனியாகச் சிரித்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு பதில் எழுதலாம். அப்படித்தான் எழுதுகிறேன்.

இந்த வீட்டுக்குப் பால் காய்ச்சிய அன்று நான் அடுப்பருகில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். என் சித்தி உங்களைக் கேட்டார்: "இனிமே உனக்கு யாரு கொளஞ்சி கவரு புடிப்பா?" நீங்கள் சொன்னீர்கள்: "இவ கை என்ன பெரிய கை. ரெண்டு குச்சி நட்டா அது புடிச்சுட்டுப் போவுது." கூடம் முழுக்கச் சிரித்தார்கள். என் அம்மாவும் சிரித்தார். ஒன்பது வருடம் பிடித்த கை அக்கா இது. இப்போது குச்சியில் கவர் கும்பிடு போடுகிறது என்று எனக்கே எழுதுகிறீர்கள்.

கேட்டதால் சொல்கிறேன். கவரின் வாயை மூன்று விரக்கடை, மூன்று விரலைச் சேர்த்து வைத்த அகலத்துக்கு, வெளிப்பக்கமாக மடித்துவிட வேண்டும், சட்டைக் காலர் மாதிரி. அப்போதுதான் ஜிப்பின் பள்ளத்தில் தூள் உட்காராது. தூள் உட்கார்ந்துவிட்டால் எவ்வளவு அழுத்தினாலும் வாய் மூடாது. மடித்த பிறகு அந்தக் காலருக்குள் ரெண்டு கை விரலையும் விட்டு, நாலு விரக்கடை அகலத்துக்கு விரிக்க வேண்டும். அவ்வளவுதான்.

மகள் சிவரஞ்சனிக்கு மார்ச்சில் பிளஸ் டூ பரீட்சை. அவள் அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறாள், உங்கள் கொழுந்தனார் ஷிப்டுக்குப் போய்விடுகிறார். பகலெல்லாம் வீடு சுத்தமாக இருக்கிறது. தும்மலே இல்லை.

பெரிய மாமாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

ஜெயசுதா


செட்டிகுளம்
8.2.2025

என் அருமைத் தங்கச்சிக்கு,

உன் கடுதாசியை ரெண்டு தடவை படித்தேன். முதல் தடவை உறைத்தது. ரெண்டாவது தடவை இன்னும் உறைத்தது. மிளகாய்த்தூள் விற்கிறவளுக்கே இப்படி என்றால் பார்த்துக்கொள். அதற்குப் பதில் பிறகு எழுதுகிறேன், முதலில் கவர் கதை.

கிரில் கேட்டு பற்றவைக்கிற சாமிதுரையிடம் போய் நீ எழுதியதை அப்படியே சொன்னேன். அவன் இதுவரை கேட்டைத் தவிர வேறெதையும் செய்ததில்லை. அதனால் எனக்கும் ஒரு கேட்டைத்தான் செய்து கொடுத்தான். தூக்கினால் இடுப்பு பிடிக்கிறது. மேலே ஒரு வேல் வேறு வைத்திருக்கிறான், "சும்மா அழகுக்குங்க" என்றான். கவரை மாட்டி விரித்தேன், டர் என்று கிழிந்தது. இன்னொன்று மாட்டினேன், அதுவும் டர். பதினோரு கவர் கிழிந்த பிறகு சாமிதுரையைக் கூப்பிட்டு, "என் தங்கச்சி வேணுமின்னே தப்பு அளவு குடுத்திருப்பாளோ?" என்று கேட்டேன்.

அவன், "நாலு விரக்கடைங்கறது யாரு விரலுங்க?" என்றான்.

"விரல்ல என்னடா வித்தியாசம்? எல்லாருக்கும் கையில அஞ்சுதான்" என்றேன்.

அவன் என் கையைப் பார்த்தான். அன்றைக்கு அளவெடுக்க நான்தான் அதை நீட்டியிருந்தேன். அப்புறம் மரியாதையாக, "உங்க நாலு விரலு மத்தவங்களுக்கு ஆறு விரலுங்க" என்றான்.

அதனால் உன் விரல் அளவு வேண்டும். உன் ரெண்டு கையையும் காகிதத்தில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து அனுப்பு. அந்தக் கேட்டை மடக்கவும் வேண்டும். உன் பெரிய மாமா காலையில் சைக்கிளை எடுக்கும்போது அதில் தடுக்கி அந்த வேல் நுனியை முழங்காலில் வாங்கிக்கொண்டார். "மடங்காத சாமான் ஒண்ணு இந்த வூட்டுல ஏற்கெனவே இருக்கு, ரெண்டாவது வேணாம்" என்கிறார். என்னைச் சொல்கிறார்.

நேற்று தகரக் கொட்டகையில் ஒற்றையாய் உட்கார்ந்திருந்தபோது பழசெல்லாம் வந்தது. கமறல் ஏறக்கூடாதென்று முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு ரெண்டு கொள்ளைக்காரிகள் மாதிரி எதிரெதிரே உட்கார்ந்திருப்போம். கேஸ் சிலிண்டர் புக்கைப் பார்க்க வந்த புதுப் பையன் நம்மைப் பார்த்துவிட்டு வாசலோடு திரும்பி ஓடினானே, நினைவிருக்கிறதா? நீ துண்டுக்குள் சிரிப்பாய். சத்தம் வராது, கவர் மட்டும் குலுங்கும். கவர் குலுங்குவதை வைத்துத்தான் நீ சிரிக்கிறாய் என்று கண்டுபிடிப்பேன். முறத்தை எப்போது சாய்க்க வேண்டும் என்று நீ சொன்னதே இல்லை. நானும் கேட்டதில்லை. எப்படித் தெரிந்தது?

கை வரைந்து அனுப்பு. வளையலைக் கழற்றிவிட்டு வரை.

கொளஞ்சியம்மாள்


அரியலூர்
17.2.2025

அக்காவுக்கு,

இத்துடன் என் ரெண்டு கையும் இருக்கின்றன. சிவரஞ்சனியின் பழைய கேள்வித்தாளின் பின்பக்கம் வரைந்தேன். முன்பக்கம் இருக்கும் வேதியியல் கேள்விக்கு நீங்கள் பதில் எழுத வேண்டியதில்லை. வலது கையை நான் வரைந்தேன் என்று நினைக்காதீர்கள், அது அவள் வரைந்தது. "எதுக்கும்மா?" என்றாள். "பெரியம்மா கேட்டாங்க" என்றேன். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. நீங்கள் என்ன கேட்டாலும் அவளுக்கு ஆச்சரியம் இல்லை.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். காகிதத்தை எடுத்து வைத்துவிட்டு ஒரு பகல் முழுக்கச் சும்மா இருந்தேன். அளவு சரியாகப் போனால் அந்த ஸ்டாண்டு நிற்கும். அது நின்றுவிட்டால் உங்கள் எதிரே இருக்கிற இடம் நிரம்பிவிடும். முதலில் பென்சிலை வெளிப்பக்கம் சாய்த்துப் பிடித்து வரைந்தேன். கை கொஞ்சம் குண்டாக வந்தது. பார்த்தால் யாருக்கும் தெரியாது. கவர் மட்டும் கிழிந்துகொண்டே இருக்கும். மடித்து உறையில் போட்டு ஒட்டியும் விட்டேன்.

பிறகு உங்கள் முழங்கால் நினைவுக்கு வந்தது. வெங்காயக் காட்டில் யார் உங்களை எழுப்பிவிடுவார்கள்? உறையைக் கிழித்து அதை எடுத்துப் போட்டுவிட்டு, பென்சிலை நேராகப் பிடித்து மறுபடி வரைந்தேன், வலது கைக்குத்தான் அவளைக் கூப்பிட்டேன். உங்களிடம் வந்திருப்பது ரெண்டாவது கை.

இன்னொன்று எழுத மறந்துவிட்டேன். வாயைப் பிடித்தால் மட்டும் போதாது. கவரின் அடியை என் முழங்காலில் தாங்கிக்கொள்வேன். அடியில் தாங்கல் இல்லாவிட்டால் தூளின் கனம் வாயை இழுத்துவிடும், காலர் கழன்று வந்துவிடும். பாதி நிரம்பியதும் ரெண்டு தட்டுத் தட்டுவேன், தூள் இறங்கும். இதெல்லாம் நான் செய்கிறேன் என்று எனக்கே இப்போது எழுதும்போதுதான் தெரிகிறது.

மடக்குவதற்கு உங்கள் கொழுந்தனார் ஒரு வழி சொன்னார். கவரைப் பிடிக்கிற கம்பிக் கையைச் சைக்கிள் ஸ்டாண்டு மாதிரி ஸ்பிரிங் வைத்துச் செய்தால், இழுத்துவிட்டால் விரியும், தள்ளினால் படுத்துக்கொள்ளும். யாருக்கு என்று கேட்டார். சொன்னேன். "அண்ணி கிட்ட பேசிட்டியா?" என்றார். "எழுதிட்டேன்" என்றேன்.

ஜெயசுதா


செட்டிகுளம்
3.3.2025

தங்கச்சிக்கு,

உன் கை வந்து சேர்ந்தது. சாமிதுரையிடம் கொடுப்பதற்கு முன்னால் தரையில் விரித்து அதன் மேல் என் கையை வைத்துப் பார்த்தேன். உன் கை முழுக்க மறைந்துபோனது. சுண்டுவிரல் மட்டும் கொஞ்சம் வளைந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மாவு மிஷின் மூடி விழுந்த விரல். அன்றைக்கு நீ அழவில்லை, நான்தான் ஊரைக் கூட்டினேன். ஊசி போட வந்த நர்சம்மா அடிபட்டது எனக்கு என்று நினைத்து என் கையைப் பிடித்தார்கள்.

முதலில் ஸ்டாண்டு. இந்தத் தடவை வேல் இல்லை. பள்ளிக்கூடச் சிலேட்டு அளவுக்கு ஒரு பலகை. அதன் ரெண்டு பக்கமும் பென்சில் கனத்தில் கம்பிக் கை ஒவ்வொன்று. கொழுந்தனார் சொன்ன மாதிரி அடியில் ஸ்பிரிங். நிமிர்த்தினால் ரெண்டு கையும் மேலே போகப் போக வெளிப்பக்கம் சாய்ந்து நிற்கின்றன. காலரை மேலே மாட்டிவிட்டால் கவர் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது, பல் டாக்டர் முன்னால் உட்கார்ந்த மாதிரி. நுனியை சாமிதுரை உருட்டிவிட்டான், கிழிவதில்லை. உன் முழங்காலுக்குப் பதில் நடுவில் ஒரு சின்னப் பலகை. கவர் உயரத்துக்குத் தக்கபடி மேலேயும் கீழேயும் நகர்த்தி ஆணி செருகலாம். வேலை முடிந்தால் கையைப் படுக்க வைத்துவிட்டுச் சுவர் ஆணியில் மாட்டிவிடலாம், காலண்டர் மாதிரி. உன் பெரிய மாமா நாலு தடவை விரித்து மடக்கிப் பார்த்துவிட்டு, "வாய மூடுன்னா மூடுது பாரு" என்றார். அதுவும் என்னைத்தான்.

அதை வைத்து இதுவரை தொண்ணூறு கவர் அடைத்துவிட்டேன். ஒன்றும் கிழியவில்லை, ஒன்றும் கும்பிடவில்லை. அம்பிகா வந்து பார்த்துவிட்டுப் போனாள். வேலை கையைவிட்டுப் போகாது. இதைச் சொன்னால் நீ சந்தோஷப்படுவாயோ மாட்டாயோ என்று மூன்று நாளாக எழுதாமல் இருந்தேன்.

இன்னொன்றையும் எழுதாமல் இருந்தேன். அன்றைக்குப் பால் காய்ச்சும்போது நீ அழுதுகொண்டிருந்தாய். எனக்கும் அழுகை வந்தது. நானும் ஆரம்பித்தால் பால் பொங்குகிற வீடு இழவு வீடாகிவிடும். உன் சித்தி கேட்டதும் வாயில் வந்ததைச் சொல்லிச் சிரிக்க வைத்துவிட்டேன். எனக்கு அழுகையை நிறுத்தத் தெரிந்த வழி அது ஒன்றுதான். அதற்கு உன் கையை எடுத்துக்கொண்டேன், என் கையைச் சொல்லியிருக்கலாம். அது தப்பு.

ஸ்டாண்டு நன்றாகப் பிடிக்கிறது. நேற்று அதனிடம் கேஸ் பையன் கதையைச் சொன்னேன். குலுங்கவில்லை.

இன்னும் நூற்றுப் பத்து கவர் பாக்கி. ரெண்டு நாள் வந்துவிட்டுப் போயேன்.

கொளஞ்சியம்மாள்


அரியலூர்
10.3.2025

அன்புள்ள அக்காவுக்கு,

இப்போது என்னால் வர முடியாது. பரீட்சை நடக்கிறது. சிவரஞ்சனி காலையில் என் கையால் தயிர்ச்சோறு சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்புகிறாள், சாயந்திரம் வந்து அழுதுவிட்டு அடுத்த பரீட்சைக்குப் படிக்கிறாள். இருபத்தைந்தாம் தேதி வரை நகர முடியாது. கோபத்தால் சொல்லவில்லை. நீங்கள் போன தடவை எழுதிய கடிதத்தை உங்கள் கொழுந்தனாருக்குப் படித்துக் காட்டினேன். நடுவில் நிறுத்தி, மீதியை நாளைக்குப் படிக்கிறேன் என்றேன். அவர் பேப்பரை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

நீங்கள் சொல்லிவிட்டீர்கள், நானும் சொல்லிவிடுகிறேன். பொங்கலுக்கு முன்னாலேயே நான் இங்கே கடைவீதியில் அதே ஜிப் கவர் ஒரு கட்டு வாங்கினேன். மல்லி வறுத்தேன், அரைத்தேன். பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்துப் பார்க்கலாம் என்று நினைத்தேன். கவரை மடித்து, விரித்து, முழங்காலில் வைத்து உட்கார்ந்தேன். அப்புறம்தான் தெரிந்தது, கொட்ட ஆளில்லை.

பெரிய தண்ணீர் பாட்டிலின் அடியை அறுத்து, தலைகீழாக ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு, அதில் மல்லித்தூளைப் போட்டேன். அடைத்துக்கொண்டது. குச்சியால் குத்தினேன், எல்லாம் ஒரே தடவையில் வந்துவிட்டது. மறுநாள் அட்டையில் சறுக்கு மாதிரி செய்தேன். அது கவரை விட்டுவிட்டு எனக்கு வலப்பக்கம் கொட்டியது. பிடிக்கிற கைக்குப் பதில் கம்பி வளைத்துவிட்டீர்கள். கொட்டுகிற கைக்கு எதை வளைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. போனில் உங்கள் பெயர் வரும்போதெல்லாம் மல்லித்தூள் கையோடு அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

முறத்தை எப்போது சாய்ப்பது என்று எப்படித் தெரிந்தது என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் கொட்டுவதற்கு முன்னால் பேச்சை நிறுத்துவீர்கள். நாள் முழுக்க அந்த ஒரு நொடிதான் நிறுத்துவீர்கள். நான் அப்போது விரிப்பேன், விரிந்ததும் நீங்கள் சாய்ப்பீர்கள்.

சாமிதுரையிடம் சொல்லி எனக்கும் ஒரு ஸ்டாண்டு செய்யச் சொல்லுங்கள். தபாலில் அனுப்பினால் கம்பி வளைந்துவிடும். யாராவது கையில் கொண்டுவந்தால் நல்லது.

ஜெயசுதா


செட்டிகுளம்
19.3.2025

அன்புள்ள ஜெயசுதாவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நீ கட்டிக்கொடுத்த புளிச்சோற்றைப் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டிலேயே தின்றுவிட்டேன். உன் பெரிய மாமாவுக்கு வாசம் மட்டும் கொண்டுவந்தேன்.

உன் வீட்டுக்குக் கிளம்பிய அன்று தூள் மூட்டையை பஸ்ஸில் ஏற்றும்போது இவர், "யாராச்சும் இந்தக் கனத்தத் தூக்கிக்கிட்டுக் கவரு அடைக்க அரியலூரு போவாங்களா?" என்று கேட்டார். பதில் சொல்வதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. நல்லதாய்ப் போயிற்று. அடைத்த கவரையெல்லாம் கொழுந்தனார் ஞாயிற்றுக்கிழமை வண்டியில் கொண்டுவந்து தருகிறேன் என்றாரே, நினைவுபடுத்து. அம்பிகா வாசலில் நிற்கிறாள்.

உன் வீட்டுக்கு வந்ததும் சாமிதுரை உனக்காகச் செய்த ஸ்டாண்டை எடுத்து விரித்துக் காட்டினேன். நீ நிமிர்த்திப் பார்த்தாய், கம்பிக் கைக்குப் பக்கத்தில் உன் கையை வைத்துப் பார்த்தாய், "சரியாத்தான் இருக்கு" என்றாய். அப்புறம் அதை மடக்கி ஆணியில் மாட்டிவிட்டுத் துண்டைக் கட்டிக்கொண்டு எனக்கு எதிரே உட்கார்ந்துவிட்டாய். ரெண்டு நாளும் அதை யாரும் எடுக்கவில்லை. நூற்றுப் பத்தும் முடிந்துவிட்டது. சிவரஞ்சனி கதவைத் திறந்து, "பெரியம்மா, நான் பரீட்சைக்குப் படிக்கிறேன், நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் சண்டை போட்டீங்கன்னா சத்தம் கம்மியா இருக்கும்" என்றாளே, அந்தப் பிள்ளை பாஸாகிவிடும்.

கிளம்பும்போது ஸ்டாண்டை உன்னிடம் கொடுத்தேன். நீ வாங்கவில்லை. "அக்கா, இத நீங்களே எடுத்துட்டுப் போங்க. ஒத்தையா இருக்கறப்ப உங்களுக்கு ஆவும். எனக்கு இது வேணாம். மாசத்துல ரெண்டு நாளு நீங்க தூளோட வாங்க" என்றாய். எனக்கு அப்போது ஒரு கேலியும் வரவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு நாலு வந்தது. அதையெல்லாம் கடுதாசியில் எழுதி வீணாக்க மாட்டேன்.

ஒரு சின்ன விஷயம். நீ கொடுத்த புதுப் புடவையைப் பையில் அடியில் வைத்து, அதன் மேல் ஸ்டாண்டை மடக்கி வைத்தேன். அரியலூரில் ஏறியதும் பையை நடைபாதை ஓரம் காலடியில் வைத்துவிட்டுக் கண்ணயர்ந்தேன். வழியில் ஏதோ ஒரு மேட்டில் ஸ்பிரிங் விடுபட்டிருக்கிறது. பைக்குள்ளேயே ஸ்டாண்டு நிமிர்ந்து, பையின் வாயை நன்றாக விரித்துப் பிடித்துக்கொண்டது. பெரம்பலூரில் கண்ணை முழித்தபோது பையில் கடலைத் தோல் முக்கால்வாசி இருந்தது. அதற்கு மேல் ஆறேழு டிக்கெட்டு, சாத்துக்குடித் தோல், ஒரு டீக் கப்பு. பின்சீட்டுக்காரர் இறங்கும்போது நின்று நிதானமாக வெற்றிலை எச்சிலையும் அதில் துப்பிவிட்டுப் போனார். கண்டக்டர் வந்து, பஸ்ஸுக்கு ஒன்று இப்படி வைத்தால் நல்லது, எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டார். சாமிதுரை நம்பரைக் கொடுத்தேன். புடவையை ஊறப் போட்டிருக்கிறேன்.

கொளஞ்சியம்மாள்